பியேதாதின் மீசை

“போர்ச்சுகல் பேப்பர் உண்டா, இனாஸ்?” என்று எஸ்பெரான்சா ஆன்ட்டி கேட்டபோது இனாஸ் கொலாசோவின் வாயில் பெபிங்கா கேக் இருந்தது. நிதானமாக விழுங்கிவிட்டு ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம். விழுங்காமலே, “வந்துக்கிட்டே இருக்கு ஆன்ட்டி” என்றான்.

“அப்படியா?” என்றாள் அவள். “சரி, அது என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு மேற்கொண்டு பேசுவோம்.”

நாற்பத்துமூன்று வயதில் பெண் கேட்டு வந்தவன் வேறென்ன சொல்வான்? கோவாவின் சால்செட் வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு டிராம்போன் ஊதியவன் அவன். ஊராரெல்லாம் அவரவர் பெண்டாட்டியோடு ஆடினார்கள். இவனுக்குக் கன்னம் உப்பியதுதான் மிச்சம். அந்த வீட்டு மூத்த பெண்கள் மூவரும் அந்தப் பேப்பரைக் காட்டிப் போர்ச்சுகல் பாஸ்போர்ட் வாங்கிய மாப்பிள்ளைகளோடு இங்கிலாந்தில் இருந்தார்கள். கடைக்குட்டி லூதோவினா, பள்ளிக்கூட டீச்சர், இவனைப் பார்த்தால் சிரிப்பாள். சிரிப்பைக் காட்டி ஒருவன் அந்த வீட்டு மாப்பிள்ளையாகிவிட முடியுமா?

வாசல்வரை வந்த லூதோவினா, “அப்போ நீங்களும் போயிடுவீங்களா?” என்று கேட்டாள்.

“உன்னை விட்டுட்டா போவேன்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டான். மகா புத்திசாலி.

மறுநாளே ஏஜெண்ட் குவாத்ரோஸிடம் ஓடினான். லிஸ்பனைக் கண்ணால் பார்க்காமலே பாதி ஊரை லிஸ்பன்காரர்களாக்கிய மனிதர் அவர்.

“சுலபம் பாபா! அறுபத்தொண்ணுக்கு முன்னாடி, அவங்க ஆண்ட காலத்துல, கோவாவுல பொறந்தவன் எல்லாம் அவங்க கணக்குல போர்ச்சுகல்காரன். அவன் பிள்ளையும் அப்படித்தான். உங்கப்பா?”

“முப்பத்தெட்டுல பொறந்தார்.”

“அப்போ நீ பொறந்ததுலேர்ந்தே ஐரோப்பியன்தான். உனக்குத்தான் தெரியல.”

தெரிந்த அன்று இரவு மீன்குழம்புச் சோற்றை முள்கரண்டியால் சாப்பிட்டான் இனாஸ். அம்மா ரொசாலினா பார்த்துவிட்டு, “கையில அடிபட்டுதா?” என்றாள்.

அடுத்த வாரம் குவாத்ரோஸ் கூப்பிட்டனுப்பினார். முகம் சரியில்லை.

“உங்கப்பா பேர் பியேதாத், சரிதானே? நம்ம ஊர்ல அந்தப் பேரை ஆம்பளைக்கும் வைப்பாங்க, பொம்பளைக்கும் வைப்பாங்க. அந்தக் காலத்துக் குமாஸ்தா பிறப்புப் பதிவுல பொம்பளைன்னு பதிஞ்சுட்டான்.”

“ஐயோ! எங்கப்பாவுக்கு இவ்வளவு பெரிய மீசை!”

“பொறக்கும்போது இருந்துச்சா?”

செத்துப்போன அப்பாவின் போட்டோவைத் தூக்கிக்கொண்டு பதிவு அலுவலகம் போனான். அதிகாரி மீசையை ரசித்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா மீசையெல்லாம் ஆதாரமாகாது. நேர்ல தெரிஞ்சவங்க ரெண்டு பேர் வந்து சாட்சி சொல்லட்டும்.”

அப்பாவின் சிநேகிதர்கள் இரண்டு கிழவர்களுக்கு ஃபெனிச் சாராயம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனான்.

“அவர் ஆம்பளைதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அதிகாரி.

“ஒண்ணா குளத்துல குளிச்சிருக்கோம் சார்,” என்றார் முதல் கிழவர்.

“நீங்க?”

இரண்டாமவர் சத்தியத்துக்குப் பயந்தவர். “நானும் குளிச்சிருக்கேன். ஆனா அந்தப் பக்கம் பார்த்ததில்லை.”

சாட்சி செல்லவில்லை. ஆனால் சேதி ஊரெல்லாம் செல்லுபடியாகிவிட்டது. சாயங்காலம் பேண்டு ஒத்திகையில் டிரம் அடிப்பவன், “வாடா, ரெண்டு தாய் பெத்த சிங்கமே!” என்று வரவேற்றான்.

“வேற வழியே இல்லையா சார்?” என்று குவாத்ரோஸின் மேஜையில் விழுந்தான் இனாஸ்.

“இருக்கு. லிஸ்பனுக்கு அப்பா வழியா இருந்தா என்ன, அம்மா வழியா இருந்தா என்ன? எதுக்கு அவரை ஆம்பளையாக்கி அலையணும்? அவரையே உன்னைப் பெத்த தாயாக்கிடுவோம். தகப்பன் பேர் தெரியாதுன்னு போட்டுக்கலாம்.”

“அப்போ எங்கம்மா?”

“இவன் என் வயித்துப் பிள்ளை இல்லை, வளர்ப்புப் பிள்ளைன்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

ரொசாலினா கேட்டதும் அகப்பையை ஓங்கினாள். “முப்பது வருஷம் நான் குடும்பம் நடத்தினது ஒரு பொம்பளையோடவா? உன்னைப் பெத்துப் போட்டது அந்தக் குடிகாரனா? பிரசவ வலிகூட அவனுக்குத்தானா?”

“அம்மா, லூதோவினாவுக்காக…”

அகப்பை இறங்கியது. கிழவி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “எங்க போடணும்?” என்றாள். போட்டாள். போட்டுவிட்டு, “சாப்பிட்டியாடா?” என்று கேட்டாள், வளர்ப்புப் பிள்ளையை.

லிஸ்பன் ஒப்புக்கொண்டுவிட்டது. கன்னி பியேதாதின் ஒரே மகன் இனாஸ், போர்ச்சுகல் பிரஜை.

கல்யாணங்களில் ஊதும்போது போடும் கோட்டை மாட்டிக்கொண்டு எஸ்பெரான்சா ஆன்ட்டி வீட்டுக்குப் பறந்தான். வாசலில் மீன்காரி கொன்சேசாவ் கூடையை இறக்கி வைத்திருந்தாள். ஆன்ட்டி கானாங்கெளுத்தியின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துடுச்சு ஆன்ட்டி! போர்ச்சுகல் பேப்பர் வந்துடுச்சு!”

ஆன்ட்டி மீனைக் கீழே வைத்தாள். அவன் நீட்டிய காகிதத்தை வாங்கக்கூட இல்லை.

“வந்துடுச்சா?” என்றாள் மெதுவாக. “சந்தோஷம் பாபா. எங்க இருந்தாலும் நல்லா இரு.”

உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலில் லூதோவினாவின் முகம் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதுவும் மறைந்தது.

இனாஸுக்கு உடனே புரிந்துவிட்டது. காகிதத்தில் இருக்கும் கேவலம் யாரோ சொல்லி இவள் காதுக்கு எட்டிவிட்டது! கதவைத் தட்டினான்.

“ஆன்ட்டி! நீங்க கேள்விப்பட்டது பொய் ஆன்ட்டி! எங்கப்பா ஆம்பளைதான்! மீசை போட்டோ இருக்கு! எனக்கு ஒரே அம்மாதான் ஆன்ட்டி!”

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கொன்சேசாவ் கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டே சொன்னாள்:

“அட மடையா, மூணு மகளையும் அந்தப் பேப்பர் கொண்டுபோயிடுச்சு, கடைசிப் பொண்ணாவது கூட இருக்கட்டும்னு, அது இல்லாத மாப்பிள்ளையாத் தேடித்தானே அந்தம்மா வர்றவன்கிட்ட எல்லாம் அந்தக் கேள்வியைக் கேக்குது!”