பயிரம்மாவின் ஏழாம் நாள் தீர்ப்பு

"விதைக்குத் தண்ணி ஊத்தறது மாதிரி ஒரு மூடநம்பிக்கை இந்த உலகத்துலயே கிடையாது! பக்திதான் முளைக்க வைக்குது!"

துளிர் ஐயா இதை முழங்கியபோது முந்நூறு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். பெரியம்மா என் தொடையில் கிள்ளினார். என் பகுத்தறிவு உடனே இருமலாக மாறியது.

அந்தக் கூடம் போன வருடம்வரை டயர் கடை. இப்போது பயிரம்மாவின் சன்னிதி. பயிரம்மா என்பது ஆளுயர மக்காச்சோளச் செடி. பட்டுத்துணி சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் தொட்டியில், மின்விசிறிக்கு நேர் எதிரே நிற்பாள். விசிறி சுழன்றால் அம்மா தலையாட்டுவாள். அம்மா தலையாட்டினால் கூட்டம் அழும். கரண்ட் போனால் அம்மா மௌன விரதம்.

முறை எளிது. விதைப்பதற்கு முன் உன் விதையில் கொஞ்சம் எடுத்துத் துணிப் பொட்டலமாகத் தைத்துக் கொடு. ஐயா அதைப் பிரிக்காமலே பானை மண்ணில் புதைத்து உள்ளறைக்கு அனுப்புவார். ஏழாம் நாள் பானை வெளியே வரும். முளைத்திருந்தால் உன் நிலம் சாந்தம். முளைக்காவிட்டால் நிலத்துக்குக் கோபம். இந்தப் போகம் முழுக்க அதைப் பயிரம்மாவிடம் ஒப்படைக்க வேண்டும். அம்மாவுக்குக் கை இல்லாததால் ஐயாவின் ஆட்கள் உழுவார்கள். கால் இல்லாததால் ஐயாவின் லாரி விளைச்சலை ஏற்றிப் போகும். இப்படி ஒன்பது நிலங்கள் போயிருந்தன. கோபக்கார மண்ணில் ஐயா போட்ட சோளம் மட்டும் தளதளவென்று நின்றது. மண்ணுக்கு அவரோடு மனஸ்தாபம் இல்லை போலிருக்கிறது.

பெரியம்மாவுக்கு இருப்பது ஒரே நிலம். பெரியப்பா போன பிறகு அவர் சாப்பாடும் என் படிப்பும் அதிலிருந்துதான்.

"கேட்டுட்டு விதைச்சா மனசுக்கு நிம்மதிடா."

"கேக்காம விதைச்சா வயித்துக்கு நிம்மதி பெரியம்மா."

"நான் கட்டின ஃபீஸெல்லாம் உன் வாய்க்குத்தான் போயிருக்கு."

பக்கத்து வீட்டு டெய்லரம்மாவும் வரிசையில் நின்றார். பெரியம்மாவின் பொட்டலத்தைத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். தன் கையிலும் ஒன்று வைத்திருந்தார்.

"அக்கா, உங்களுது என்ன விதை?" என்று காதோரம் கேட்டேன்.

"சட்டை பட்டன். வெள்ளை. ஆறு." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பதிவு மேசையில் ஐயாவே உட்கார்ந்திருந்தார். "நிலத்துல கிணறு இருக்கா தாயி?"

"கோடையிலயும் வத்தாதுங்கய்யா," என்றார் பெரியம்மா, பெருமையாக. தண்ணீரை நம்பாதவர் கிணற்றின் ஆழத்தைக் கேட்டு எழுதி, அடிக்கோடும் போட்டார்.

"உனக்கு?"

"எனக்கு வெறும் பாறைங்க. ஆடு நின்னா காலு சுடும்," என்றார் டெய்லரம்மா. ஐயா பேனாவை மூடிவிட்டார்.

ஏழாம் நாள் பானைகள் வந்தன. பெரியம்மாவின் பானையில் மொட்டை மண். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கோபம்!" என்றார் ஐயா. உதவியாள் ஒப்படைப்புப் பத்திரத்தை நீட்டினார். அம்மாவின் கோபம் எப்போதும் மூன்று பிரதிகளில் வரும்.

அடுத்தது டெய்லரம்மாவின் பானை. நான்கு விரல் உயரத்தில் எட்டு முளைகள்! கொடுத்தது ஆறு, வந்தது எட்டு. பயிரம்மா தாராளக்காரி.

"ஐயா, இது என்ன பயிர்?"

"சோளம் தாயி. நீ குடுத்த விதைதானே?"

"நான் குடுத்தது சட்டை பட்டனுங்க."

கூடம் உறைந்தது. பயிரம்மா மட்டும் தலையாட்டினாள்.

ஐயாவைப் பாராட்டத்தான் வேண்டும். மூன்றே நொடிதான் எடுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் உயர்த்தினார். "பட்டனையே முளைக்க வெச்சுட்டாளே எங்க அம்மா!"

கூட்டம் அலறியது. ஒருவர் தரையில் உருண்டார். முன்வரிசைக்காரர் தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து, "எனக்கும் ஐயா!" என்று நீட்டினார். சற்று நேரத்தில் பாதிக் கூட்டம் சட்டை திறந்து நின்றது.

டெய்லரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "எனக்கு நல்ல வியாபாரம்தான். ஆனா இப்படியா வரணும்?"

அப்போதுதான் தரையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. கையெழுத்துப் போட வாங்கிய பேனா அவர் கையில் அப்படியே இருந்தது.

"பட்டனையே முளைக்க வைக்கிறவ, என் நல்ல விதைய ஏன் ஐயா முளைக்க வைக்கல?"

இந்த முறை மூன்று நொடி போதவில்லை. "அது... உன் மண்ணுக்குக் கோபம் தாயி..."

"பானையில இருக்கறது உங்க மண்ணுதானே?"

பெரியம்மா பானையைக் கவிழ்த்தார். மண் கொட்டியது. பொட்டலத்தைக் காணோம். எழுந்தார், உள்ளறைக் கதவைத் தள்ளினார். திறந்த சட்டைகளோடு கூட்டமும் பின்னால் நுழைந்தது. உள்ளே தட்டுத் தட்டாகச் சோள நாற்றுகள், ரப்பர் குழாய், ஈரம் சொட்டும் பூவாளி. மூலையில் ஒரு கூடை நிறையப் பிரிக்காத பொட்டலங்கள். டெய்லரம்மா தன்னுடையதைப் பல்லால் பிரித்தார். ஆறு பொத்தான்களும், ஒரு முளைகூட இல்லாமல், தரையில் உருண்டன.

பெரியம்மா தன் பொட்டலத்தைத் தேடியெடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பத்திரத்தை மூன்று பிரதிகளோடும் சேர்த்துக் கிழித்தார். "நாளைக்கே விதைக்கிறோம். நீயும் வாடா. வாய மட்டும் வீட்லயே வெச்சுட்டு வா."

நிலம் இழந்த ஒன்பது பேரும் வாசலை மறித்துக்கொண்டார்கள். பத்திரங்கள் திரும்பி வரும்வரை ஐயா நகர முடியாது. உதவியாள் எடுத்துவர ஓடினார்.

கழுத்துக்குக் கீழே பொத்தானைத் திறக்க ஒரு நொடியும் தயங்காத அன்பர்களே, கழுத்துக்கு மேலேயும் திறப்பதற்கு ஒன்று இருக்கிறது.

ஐயா நாற்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து காத்திருந்தார். வெயில் ஏற ஏற, தட்டுகளில் பயிர் துவண்டது. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் பூவாளியை எடுத்து, ஒவ்வொரு வேருக்கும் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.