வாய்க்காலுக்குள் ஒரு ஜம்ப்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவன் கொலையே செய்துவிட்டு வந்தாலும், 'என்ன கோபத்துல செஞ்சானோ பாவம்' என்று உட்காரவைத்துக் காபி கொடுத்துவிடுவார்கள். வாய்க்காலை அடைத்தவனுக்கு மட்டும் மன்னிப்பே கிடையாது. நான் வாய்க்காலை அடைத்தவள். அதுவும் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட வாரத்தில்.

எல்லாம் ஒரு சைக்கிளால் வந்த வினை. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். தடித்தடியாய் டயர், முன்னால் ஸ்பிரிங், எண்ணி முடியாத கியர். (அதில் மூன்றுக்கு மேல் எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) சைக்கிள் கிளப்பிலும் சேர்ந்தேன். கிளப்பின் தலைவர் பிரதீப். காடு, கரடு என்று எதைப் பார்த்தாலும் "சூப்பர் டிரெயில்ங்க!" என்று கண்கலங்குகிற மனிதர். வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் ஊரைத் தேர்ந்தெடுத்து மொத்த கிளப்பும் போய் ஓட்டும். நான் எங்கள் ஊரைச் சொன்னேன்.

பிரதீப் சிரித்தார். "உங்க ஊர்ல ஏதுங்க மலை? கோலிக்குண்டை வெச்சா வெச்ச இடத்துலயே கிடக்குமே!"

எனக்கு வந்ததே கோபம். "வந்து பாத்துட்டுப் பேசுங்க" என்றேன். முதலில் தான் மட்டும் வந்து பார்ப்பதாக அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். இப்போது மலைக்கு எங்கே போவது?

லீவு போட்டுவிட்டு ஒரத்தநாட்டுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கு வந்து வெறிபிடித்தவள் போலத் தேடினேன். சும்மா சொல்லக்கூடாது, கிடைத்தது! தேக்குமர நிழலில் ஆற்றங்கரை. அங்கிருந்து இறங்கினால் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் செம்மண்ணும் சரளையுமாகத் தைலமரக் காடு, அதற்குள் மழைத்தண்ணீர் அறுத்த பள்ளங்கள். பிறகு வறண்ட ஏரி. கடைசியாக, புதிதாகத் தூர்வாரிய எங்கள் வாய்க்கால். பத்தடி அகலம், இரண்டு பக்கமும் ஆளுயரக் கரை, நடுவே பட்டு விரித்த மாதிரி மணல். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஒரே ஒரு குறை. தாவிக் குதிக்க ஒரு மேடு இல்லை.

தூர்வாரிக்கொண்டிருந்த ஜேசிபி அண்ணனிடம் போய் நின்றேன். "அண்ணே, வாய்க்காலுக்குக் குறுக்க இடுப்பளவுக்கு ஒரு மேடு போட்டுத் தாங்களேன்."

"எதுக்கும்மா? டிராக்டர் தாண்டவா?"

"ஆமாண்ணே, அந்த மாதிரிதான்." (சைக்கிள் தாண்ட என்று சொன்னால் செய்வாரா?)

அவர் மண்ணை அள்ளிக் கொட்டி, வாளியால் தட்டித் தட்டிக் கல்லு மாதிரி ஆக்கிக் கொடுத்தார். போகும்போது, "தண்ணி வர்றதுக்குள்ள எடுத்துடணும்மா" என்றார். "எடுத்துடுவோம்ணே" என்றேன். தண்ணீர் திங்கட்கிழமைதான் வரும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பிரதீப் வருவது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டால் போயிற்று.

தண்ணீர் வெள்ளிக்கிழமை சாயந்திரமே வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா சனிக்கிழமை விடிந்ததும் வயலுக்குக் கிளம்பிப் போனதே அதற்காகத்தான். நான்தான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். "தண்ணி..." என்று அம்மா ஏதோ ஆரம்பித்தபோது, "பாட்டில்ல இருக்கும்மா" என்று கையைக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அன்றைக்குக் காலை ஓட்டினோமே, அப்படி ஒரு ஓட்டம் நான் அதற்கு முன்னாலும் ஓட்டியதில்லை, பின்னாலும் ஓட்டியதில்லை. தைலமரக் காட்டுப் பள்ளத்தில் பிரதீப் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே எழுந்தார். செம்மண் அப்பிய முகத்தோடு, "என்னங்க இது, இவ்வளவு நாளா சொல்லவே இல்ல!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் மெயின் ஐட்டம் வரல சார்!" என்று கத்திக்கொண்டே ஏரியிலிருந்து வாய்க்காலுக்குள் இறங்கினேன். சக்கரம் பட்ட இடமெல்லாம் காய்ந்த மணல். மேட்டை நோக்கி மிதித்தேன்.

ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. அந்த மேட்டுக்கு மேற்கே, தண்ணீர் வரும் திசையில், வாய்க்கால் ததும்பிக்கொண்டிருந்தது. முன்னால் போக வழியில்லாமல், மடை வழியாக எங்கள் அப்பாவின் வயலிலேயே ஏறி நின்றது. கீழே கடைமடை ஊருக்கு ஒரு சொட்டுப் போகவில்லை. அங்கே நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லையென்றால் அத்தனை நாற்றும் கருகி, அந்த வருஷக் குறுவையே போய்விடும். அந்த ஊர் ரெங்கசாமிப் பெரியப்பா இருபது பேரோடு வண்டிகளில் ரோடு வழியாக வந்து, எங்கள் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எதிரே அப்பாவும் எங்கள் ஊர்க்காரர்களும். எங்களுக்குத் தூரத்து உறவு. அப்பாவும் அவரும் சாப்பிட்ட கை காய்ந்துபோகிற வரை பேசிக்கொண்டிருப்பவர்கள். அன்றைக்கு அவர் குரலே வேறாக இருந்ததாம்.

"முருகையா, உன் வயல்ல முழங்கால் தண்ணி நிக்குது. எங்க நாத்து சாவுது. நீயாடா இப்படிச் செஞ்ச?"

"அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. எங்க ஊர்ல யாராவது வாய்க்காலை அடைச்சிருந்தா இந்த மீசையை எடுத்துடறேன்!"

அப்பா மீசையில் கைவைத்துச் சொன்ன அந்த நிமிஷம்தான், காட்டாமணக்குப் புதரைத் தாண்டி நான் வானத்தில் தெரிந்தேன்.

மேட்டின் உச்சியை விட்டுச் சக்கரம் எழும்பிய பிறகுதான் எதிரே தண்ணீரைப் பார்த்தேன். அந்தரத்தில் பிரேக் பிடித்து ஒரு பிரயோஜனமும் இல்லை. பிடித்துப் பார்த்தேன். சைக்கிளோடு தொபுக்கடீர் என்று விழுந்து, சேறும் சருகும் வாயில் புகுந்து, ஹெல்மெட்டோடு எழுந்து நின்றால், கரையெல்லாம் ஆட்கள். பின்னாலேயே, "சூப்பருங்க!" என்று கத்திக்கொண்டு பிரதீப் வந்து என் பக்கத்தில் விழுந்தார்.

ரெங்கசாமிப் பெரியப்பா மேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாப்பா, இது என்ன?"

"ஜம்ப், பெரியப்பா."

"யாரு போட்டது?"

யாராவது ஜேசிபிக்காரர் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கை இன்னும் மீசையிலேயே இருந்தது. "நான்தான் பெரியப்பா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவமானத்தில் அப்படியே அந்தத் தண்ணீரிலேயே முங்கிவிடலாம் போலிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. "எறங்குங்கடா!" என்றார் பெரியப்பா. இரண்டு ஊர் மம்பட்டிகளும் இறங்கின. ஜேசிபி அண்ணன் தட்டிய தட்டு லேசில் பெயரவில்லை. எனக்கும் ஒரு மம்பட்டி கிடைத்தது. இறுக்கமான சைக்கிள் டவுசரோடு பிரதீப்பும் வெட்டினார். அரைமணி நேரத்தில் ஓரமாக ஒரு கீறல் விழுந்தது. கீறல் வாயைப் பிளந்து, மேடு முழுக்கச் சரிந்து, தண்ணீர் நுரையும் சருகுமாகப் பாய்ந்தது. "போயிடுச்சு, போயிடுச்சு!" என்று எல்லோரும் கத்தினோம். சற்றுமுன் அடித்துக்கொள்ள இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

"பாப்பா, சைக்கிள் ஓடுமா?" என்றார் பெரியப்பா. "முன்னாடி போய் எங்க ஊர்ல சொல்லு, தண்ணி வருதுன்னு."

கரைமேல் பறந்தேன். பக்கத்தில் தண்ணீர் காய்ந்த மணலை நனைத்துக்கொண்டே வந்தது. கடைமடை மதகில் பெண்கள் பூவும் நெல்லும் மஞ்சளும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். "வருது! வந்துடுச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சந்தோஷத்தில் முதல் கை பூ என் தலையில் விழுந்தது. அடைத்தவள் நான்தான் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. (பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பூ நின்றுவிட்டது.)

கிளப் அந்த வருஷம் எங்கள் ஊருக்குத்தான் வந்தது, அறுவடை முடிந்த பிறகு. பெரியப்பா எவ்வளவோ வேண்டாமென்று சொல்லியும், மேடு உடைந்த மறுநாளே அப்பா சலூனுக்குப் போயிருந்தார். மீசையில்லாமல் திரும்பிய மனிதரை எங்கள் நாய் வாசலில் நிறுத்திக் குரைத்தது. மீசை வளர்கிற வரை அப்பா என்னிடம் உப்பு, தண்ணீர் தவிர வேறு எதையும் கேட்கவில்லை.

இப்போதும் வருஷா வருஷம் ஆற்றில் தண்ணீர் திறந்ததும் ரெங்கசாமிப் பெரியப்பாவிடமிருந்து அப்பாவுக்கு ஒரு போன் வரும். மேட்டூரில் எவ்வளவு இருக்கிறது, எப்போது ஷட்டர் தூக்குகிறார்கள் என்றெல்லாம் கேட்பதில்லை. ஒரே கேள்விதான்: "பாப்பா எங்க இருக்கு?" "சென்னையிலதாண்ணே" என்று அப்பா சொன்னால், "அப்ப தண்ணி வந்துடும்" என்று வைத்துவிடுவார்.

இந்த வருஷம் போன் வந்தபோது நான் கூடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா என்னைப் பார்த்து, சத்தம் போடாதே என்று விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு, "சென்னையிலதாண்ணே இருக்கா" என்றார்.  பெரியப்பாவின் குரல் போனிலும் வாசலிலும் ஒன்றாகக் கேட்டது.

"அப்ப இங்க நிக்கிற சைக்கிள் யாருதுடா?"