நாலு நிமிடத்தில் நலம் விசாரிக்க முடியாது

பஹ்லா,
ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில்.

பேரன்பும் பெரும்பதவியும் வாய்ந்த என் அண்ணன் மகன் முஹன்னாவுக்கு, உன் சாச்சா ஹமூத் எழுதிக்கொள்வது. உன் மீது சாந்தி நிலவட்டும். உன் மனைவி மீதும், பிள்ளைகள் மீதும், மஸ்கட்டில் நீ வாங்கியிருப்பதாக ஊர் சொல்லும் அந்த வெள்ளைக் கார் மீதும் நிலவட்டும். உடம்பு சுகமா, வயிறு சுகமா, முதுகு சுகமா? இங்கே நான் சுகம், உன் சாச்சி ஸுவைனா சுகம், ஆடுகள் சுகம், பேரீச்சை மரங்கள் சுகம். சேதி என்று ஒன்றும் இல்லை. நல்லதைத் தவிர வேறு சேதியே இல்லை. எழுத்து அங்கங்கே நனைந்து கலைந்திருந்தால் அதைக் கண்ணீர் என்று எடுத்துக்கொள்.

சேதி என்னவென்றால், வருகிற வியாழக்கிழமை உன் தங்கை, என் மகள் ரையாவின் வேலை போகப்போகிறது.

நீ அதே கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், அதுவும் பயிற்சித் துறையில், சுழலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் நான் சிபாரிசுக்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. சிபாரிசை நான் கையால் தொட்டதில்லை. நகராட்சியில் முப்பத்தொரு வருடம் நான் வேலை பார்த்தது முழுக்க முழுக்க என் திறமையால். ஆளெடுத்த அதிகாரி என் மாமனாராக இருந்தது தற்செயல்.

ரையா டிப்ளமா முடித்து நாலு வருடம் ஆகிறது. இந்த நாலு வருடத்தில் தேசம் அவளுக்குக் கொடுத்த பயிற்சி கொஞ்சநஞ்சமல்ல. கணினிப் பயிற்சி, தலைமைப் பண்புப் பயிற்சி, நேர்முகத் தேர்வில் போய் உட்காரும் பயிற்சி, வேலை இல்லை என்றதும் புன்னகையோடு எழுந்து வரும் பயிற்சி. சான்றிதழ்களை வரிசையாக மாட்டியதில் வரவேற்பறைச் சுவர் பாரம் தாங்காமல் பக்கத்து வீட்டை நோக்கி ஒரு சாண் சாய்ந்துவிட்டது. கடைசியாகத்தான் உங்கள் கம்பெனியின் ஆறு மாதப் பயிற்சி வந்தது. நிஸ்வா கால் சென்டரில் உட்கார்ந்து ஏசி பழுது என்று அழைக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர், வேலை நிரந்தரமாகக் கிடைக்கப்போகிறவர்கள் நாலே பேர். தேறுவதற்கு ஒரே ஒரு அளவுகோல்: ஓர் அழைப்பைச் சராசரியாக நாலு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அவள் பையிலிருந்து தற்செயலாக என் கையில் ஏறிய ஒரு தாளில் பார்த்தேன். சராசரி முப்பத்தொன்பது நிமிடம் என்று போட்டு, சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடும் போட்டிருக்கிறது.

நாலு நிமிடமாம். மஸ்கட் போனபின் நீ மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஸலாம் சொல்ல வேண்டும், பதில் வாங்க வேண்டும், உடம்பைக் கேட்க வேண்டும், பிள்ளைகளைக் கேட்க வேண்டும், மழையைக் கேட்க வேண்டும், பிறகு "சேதி என்ன?" என்று மூன்று தரம் கேட்டு மூன்று தரமும் "சேதி ஒன்றுமில்லை" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் விஷயம். நேராக விஷயத்துக்கு வருகிறவன் ஒன்று போலீஸ்காரன், இல்லையென்றால் வீட்டில் தீப்பிடித்தவன்.

அவளுக்கு வேலை கிடைத்ததும் ஊரே அழைத்தது. வேலை கிடைத்த பிள்ளையை வாழ்த்தாமல் இருக்கலாமா? ஏசி நன்றாக ஓடுகிறவர்கள் அழைத்தார்கள், ஏசியே இல்லாதவர்கள் அழைத்தார்கள், மணல்மேட்டில் ஒட்டகம் மேய்க்கும் ஒருவர் அழைத்து, பின்னால் தான் ஏசி வாங்கினால் அதில் என்ன பழுது வரும் என்று முன்கூட்டியே விசாரித்தார். நானும் தகப்பன் என்ற முறையில் ஒரே ஒரு தரம் அழைத்தேன்.

மே மாதம் ஊர் ஆண்கள் கூடிப் பேசும் நம் ஸப்லாவில் ஏசி நின்றுபோனது. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம், கூடத்தில் இருபத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு குடம் வியர்வை. அழைத்தோம், ரையா எடுத்தாள். வயதில் மூத்தவர் முதலில் வாங்கி ஸலாம் சொன்னார், பிறகு காப்பிக் கோப்பை சுற்றுவதுபோலப் போன் வலது பக்கமாகச் சுற்றியது. இருபத்து மூன்று பேருக்கும் அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை குறைக்காமல் பதில் சொன்னது. நலம் விசாரிக்கத் தொடங்கியபோது மே மாதம், முடிந்தபோது நவம்பர் போலிருந்தது. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லியாகிவிட்டது, மலைக்காற்று இறங்கிவிட்டது. போன் மறுபடி மூத்தவர் கைக்கு வந்தது.

"நாம எதுக்குடா கூப்பிட்டோம்?" என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை.

"சரி மகளே, வச்சிடு. இங்க ஜில்லுனு இருக்கு."

வண்டி அனுப்பாமல், மெக்கானிக் அனுப்பாமல், ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் பழுது தீர்ந்தது. இதற்குப் பதக்கம் கொடுப்பார்களா, அடிக்கோடு போடுவார்களா?

அங்கே மேற்பார்வைக்கு நஜாத் என்று ஒரு பெண் இருக்கிறாள். அவள் ரையாவைக் கூப்பிட்டு, இனி எடுத்ததும் நேராக விஷயத்தைக் கேள் என்று உத்தரவு போட்டாள். பிள்ளை கீழ்ப்படிந்தது. மறுநாள் முதல் அழைப்பு மனா ஊரிலிருந்து, நமக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர். "உங்கள் ஏசியில் என்ன பிரச்சினை?" என்று இவள் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

உடனே அவர், "யாரும்மா மவுத்து?" என்று கேட்டிருக்கிறார்.

அன்று மாலைக்குள் மூன்று வண்டிகளில் நாற்பது பேர் துக்கம் விசாரிக்க நம் வீட்டு வாசலில் இறங்கினார்கள். பாதிப் பேர் செத்தது நான்தான் என்று முடிவு செய்தே வந்திருந்தார்கள். கதவைத் திறந்தது நானே என்றதும் அவர்கள் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? மூன்று நாள் காப்பியும் ஹல்வாவும் கொடுத்தேன். என்னைப் பற்றி நல்ல வார்த்தையாகத்தான் பேசினார்கள். உன் சாச்சி மட்டும் எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே இருந்தாள்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கலாம் முஹன்னா. போன வாரம் சாப்பிடும்போது ரையா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். "வாப்பா, இதுவும் போச்சுன்னா அடுத்து என்ன ட்ரெயினிங்?" என்றாள். என் பங்கு ரொட்டியையும் எடுத்து அவள் தட்டில் வைத்தேன். என் வாழ்நாளில் என் பங்கை நான் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை, வேண்டுமானால் உன் சாச்சியைக் கேட்டுக்கொள்.

ஆகவே நீ சிபாரிசு செய்ய வேண்டாம். வியாழனுக்கு முன் அந்த நஜாத்துக்கு ஒரு போன் போட்டு, உடம்பைக் கேட்டு, பிள்ளைகளைக் கேட்டு, மழையைக் கேட்டு, கடைசியில் போகிற போக்கில், நிமிடத்தை எண்ணாமல், அனுப்பத் தேவையில்லாமல் மிச்சமான வண்டிகளை எண்ணினால் என்ன என்று மட்டும் கேள். பயிற்சித் துறைப் பெரியவன் நீ கேட்டால் அது சிபாரிசு ஆகாது, ஆலோசனை.

உன் வீட்டில் பரக்கத் பெருகட்டும், உன் பிள்ளைகள் பயிற்சி இல்லாமலே வேலைக்குப் போகட்டும், உன் வெள்ளைக் காரில் கீறல் விழாதிருக்கட்டும். பெரியவர்களுக்கு ஸலாம், சின்னவர்களுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் சாச்சா,
ஹமூத் பின் ஸுலையம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரையா வந்துவிட்டாள். கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கி, நின்ற நிலையிலேயே முழுதும் படித்தாள். ஞாயிற்றுக்கிழமையே அவளை நிரந்தரமாக்கிவிட்டார்களாம். பன்னிரண்டு பேரில் முதலாவதாக. அவள் சராசரி மூன்றரை நிமிடம். வாய் மூன்றாவது "சேதி என்ன?" கேட்பதற்குள் கை கணினியில் மெக்கானிக் வண்டிக்குச் சொல்லி முடித்துவிடுமாம். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். "சொன்னா வாழ்த்துச் சொல்ல போன் பண்ணுவீங்க வாப்பா" என்றாள்.

முப்பத்தொன்பது நிமிடத் தாள் ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் தனியாக எடுத்த கணக்காம். அது பஹ்லாவில் உள்ள ஒரு வாடிக்கையாளர், ஆறு மாதத்தில் இருநூற்றுப் பதினான்கு அழைப்புகள். ஸப்லாவில் இருபத்து மூன்று பேர் இல்லை, ஒலிப்பதிவின்படி நாலு பேர், அதில் மூன்று பேர் நான்தான் என்கிறாள். ஒட்டகக்காரரும் என்னைப் போலவே இருமினாராம். மனாவிலிருந்து வந்தது ஒரே ஒருவர். அதுவும் நான் கூப்பிட்டதால்.

அந்த ஒலிப்பதிவைத்தான் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இறுதித் தேர்வாகப் போடப்போகிறார்களாம். இந்த வாடிக்கையாளரை மனம் நோகாமல் நாலு நிமிடத்தில் வழியனுப்பக் கற்றவருக்குத்தான் வேலை. தேசத்தின் இளைய தலைமுறையை உருவாக்குவதில் என் குரலுக்கும் ஓர் இடம் கிடைத்திருப்பதை நீ உன் மேலதிகாரிகளுக்கு உரிய முறையில் தெரிவிக்கலாம்.

ஆகவே நஜாத்திடம் ரையாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே. என்னைப் பற்றிப் பேசு. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், காலையிலிருந்து நம் வீட்டு ஏசி நிஜமாகவே ஓடவில்லை. மேலே கலைந்திருப்பது கண்ணீர் இல்லை, வியர்வை. ரையாவிடம் கேட்டேன், வரிசையில் வரச் சொல்கிறாள்.

சிபாரிசு செய். ஆள் அனுப்பு.