பின்னால் வந்த பிள்ளைக்கே இடம்

உலகத்தில் குழப்பம் ஒழிய வேண்டுமானால், ஒரு கட்டத்துக்கு ஒரு விவரம்தான் இருக்க வேண்டும். இந்த மகத்தான கொள்கையைப் பதினோரு வரிக் கணினி நிரலாக எழுதி மனித குலத்துக்கு வழங்கியவன் அடியேன்.

பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை இணையத்தில் நிரப்புகிறீர்கள் அல்லவா? வகுப்பு, முகவரி, குழந்தை என்று ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் விவரத்தையும் நடுவில் சமக்குறி போட்டு ஒட்டி, ஒட்டியதையெல்லாம் சரமாகக் கோத்து, ஒரு கேள்விக்குறிக்குப் பின்னால் இணைய முகவரியோடு தொங்கவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவது என் நிரல். நிரல்மொழியோடு இலவசமாகவே வரும் ஒரு வரிக் கட்டளையும் இதைச் செய்யும்தான். ஆனால் அடுத்தவன் எழுதியதை எடுத்துப் போடுவதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே! என் நிரலின் தனிச்சிறப்பு என்னவென்றால், ஒரே கட்டத்துக்கு இரண்டு விவரம் வந்தால் முன்னதை அழித்துவிட்டுப் பின்னதை மட்டும் அனுப்பும். இதற்குத் 'தானியங்கித் தூய்மை' என்று பெயர் சூட்டினேன். அலுவலகம் ஒரு காபிக் கோப்பை பரிசளித்தது.

என் அக்காவுக்கு இரட்டைப் பெண்கள். பெரியவள், சின்னவளைவிடப் பதினான்கு நிமிடம் மூத்தவள். சேர்க்கையின் கடைசி நாள் காலையில் அக்கா ஃபோன் செய்தாள்.

"டேய், சின்னவளுக்கு மட்டும் சீட்டு வந்திருக்கு. பெரியவ பேரே வரலைங்கறாங்க. அஞ்சு மணியோட முடிச்சுடுவாங்களாம். என்னடா பண்ணி வெச்சிருக்க?"

உடனே 'அவசர உயர்நிலைக் கூட்டம்' கூடியது. உயர்நிலை என்றால் மூன்று பேர்: மேலாளர், நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் அம்மையார், நான்.

"ரெண்டு பிள்ளைங்கன்னா முதல் பிள்ளை காணாமப் போகுதுன்னு மூணு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்தேன்," என்றார் அம்மையார்.

"அதை 'அரிதான நிகழ்வு'ன்னு பைசல் பண்ணிட்டோமே," என்றேன்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "விண்ணப்பம் சரியாத்தான் போயிருக்கு. பிள்ளைதான் ஒண்ணு கூடுதலா வந்திருக்கு. உங்க அக்கா கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின், அம்மையார் நீங்கலாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. படிவத்தின் அடியில் ஒரு குறிப்பு சேர்க்கப்படும்: 'பெற்றோர், தமக்கு அதிக விருப்பமான குழந்தையைக் கடைசியாக நிரப்பவும்.'

மூன்று மணிக்கு அக்கா இருவரையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். பெரியவள் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ரெண்டு பேரை எழுத உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

"கம்ப்யூட்டருக்கு நல்லாத் தெரியும்மா."

"அப்ப யாருக்குத் தெரியாது?"

வெட்கமாக இருந்தது. காபிக் கோப்பையை மேசைக்கடியில் தள்ளினேன். பதினோரு வரியையும் நீக்கிவிட்டு, அந்த இலவச ஒரு வரியைப் போட்டேன். நாலே முக்காலுக்கு இரண்டு பெயர்களும் போய்ச் சேர்ந்தன. பெரியவளுக்கும் இடம் கிடைத்தது. அக்கா நன்றிகூடச் சொல்லவில்லை, சொல்லாதது சரிதான்.

அவர்கள் போனதும் அம்மையார் ஒரு தாளை என் முன்னால் வைத்தார். மூன்று மாதத்தில் காணாமற்போன முதல் பிள்ளைகள், மொத்தம் நாற்பத்தொன்று. பெரியவள் பெயரை மட்டும் கோடு போட்டு அடித்திருந்தார். மற்ற நாற்பது பேரின் பள்ளிகளில் சேர்க்கை எப்போதோ முடிந்துவிட்டது.

தாளின் அடியில் 'நிரலை எழுதியவர்' என்று ஒரு கட்டம். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அதை அழிக்கப் பின்னால் யாரும் வரவில்லை.