இடக்கையில் மல்லிகை, வலக்கையில் சம்பங்கி

மனைவி அவரோடு பேசி மூன்று நாளாகிவிட்டது.

சோப்புக் கம்பெனியில் வாசனை சரிபார்க்கும் உத்தியோகம் அவருக்கு. ஆபீசில் எல்லோரும் ‘மோப்பம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் பால் தீய்ந்தால் சும்மா இருப்பாரா? “உன் மூக்கு எங்க போச்சு?” என்று கேட்டுத் தொலைத்தார். அன்றைக்கு மூடிய வாயை அவள் இன்னும் திறக்கவில்லை.

வெயிலுக்கேற்ற சென்ட் ஒன்று வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகிவிடலாம் என்று சனிக்கிழமை கடைக்குள் நுழைந்தார்.

“மல்லிகை லேசா, குளுகுளுன்னு இருக்கும் சார். சம்பங்கி வியர்வையிலயும் நின்னு பேசும்,” என்றாள் கடைப்பெண்.

இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று அடித்துக்கொண்டு மாறி மாறி முகர்ந்தார். முடிவுக்கு வரமுடியவில்லை. முழங்கை, கழுத்து, சட்டைக் காலர் என்று உடம்பில் இடம் தீர்ந்த பிறகு, தனக்கு இருபது வருஷ அனுபவம் என்று அவளிடம் பீற்றிக்கொண்டு இரண்டையுமே வாங்கிவிட்டார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துபோய் நின்றுகொண்டார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்து இவர் காலை நீட்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் அவள் மூக்குக்கு நேரே நீட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. அவருக்குச் சுருக்கென்றது. வீம்புக்குச் சொல்கிறாள், வேறென்ன? கொஞ்சமாக அடித்ததுதான் தப்பு என்று திரைச்சீலையில் மல்லிகையும் தலையணையில் சம்பங்கியுமாகப் பீய்ச்சினார். அவள் அசையவில்லை. ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அதன் எதிரே நின்று இரண்டு பாட்டிலையும் ஒன்றாக அழுத்தினார்.

அவருக்கே கண்ணில் நீர் கொட்டியது, தும்மல் நிற்கவில்லை. உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். மனைவி மட்டும் அடுத்த துண்டை எடுத்து நிதானமாக மடித்துவிட்டு, அடுக்கிய துணியோடு எழுந்து போனாள்.

“எவ்வளவு அழுத்தம் பாரு உங்கம்மாவுக்கு,” என்று மகளிடம் பொருமினார். “இந்த நெடியில மூஞ்சியைக்கூடச் சுளிக்கலை. நான் அப்படி என்ன கேட்டுட்டேன்?”

மகள் ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினாள்.

“போன வருஷம் காய்ச்சல் வந்ததுலேருந்து அம்மாவுக்கு எந்த வாசனையும் தெரியாதேப்பா. டாக்டர் சொன்னப்போ பக்கத்து நாற்காலியில நீங்கதான் உக்காந்திருந்தீங்க, போனைப் பார்த்துக்கிட்டு.”