பாலம் தாண்டாத விளக்குக்காரர்

செத்தவர்கள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. உயிரோடு இருக்கும்போது எவ்வளவு இழுத்தடித்தவரும் செத்த பிறகு மரியாதையாகப் போய்விடுவார். திரையில் செத்தவருக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. அவர் போவதாக இருந்தால் காட்சி ஒழுங்கு வாரியம் மனமுவந்து இசைவளிக்க வேண்டும்.

குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் படக்காரர் ஒருவர் அனிமே என்னும் சித்திரப்படத் தொடர் வரைந்துகொண்டிருந்தார். ஆள் அவ்வளவு ஒல்லி. காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு நின்றால் எது எதைத் தாங்குகிறது என்று சந்தேகம் வரும். தொடரின் நாயகர் ஒரு விளக்குக்காரர், எப்போதோ செத்துப்போனவர். மேகத்துக்கு மேலே ஒரு மரப்பாலம். செத்தவர்கள் அதைக் கடந்துதான் அக்கரைக்குப் போக வேண்டும். அவர்கள் இருட்டில் தடுக்கி விழாமல் இருக்க இவர் விளக்குப் பிடிப்பார். கூடமாட ஒத்தாசைக்குப் பேசும் நரி ஒன்று. வருகிறவர்களை எல்லாம் வழியனுப்பிவிட்டு, தான் மட்டும் இந்தக் கரையிலேயே நிற்பார். ஒற்றைக் கண்ணை மறைக்கும் நீல முடி, ஒரு பொத்தான் இல்லாத நீளக் கோட்டு.

தொடர் சனங்களுக்குப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்றால், பேய் பிடித்த மாதிரி. ஊரில் பாதிப்பேர் நீல முடியோடு அலைந்தார்கள். ஒற்றைக் கண்ணை மறைத்துக்கொண்டு கம்பத்தில் முட்டிக்கொண்டார்கள். தையல்காரர்கள் நல்ல சட்டையில் பொத்தானைப் பிய்த்து எடுத்துப் பிழைத்தார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய நாகரிகம், எங்கும் போகாமல் நிற்பது. கடை வாசலில், மாடிப்படியில், பேருந்தின் கதவருகில் தூரத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். கொஞ்சம் வழி விடுங்க என்று கேட்டால், "நான் இன்னும் கடக்கல" என்று பதில் வரும். கேட்டவர்தான் கூசிப்போக வேண்டும்.

குச்சியின் மனைவி மருத்துவமனையில் செவிலி. புருஷன் சோற்றில் கைவைத்துக்கொண்டு விளக்குக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததை எல்லாம் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டவள். ஒருநாள் அவர் அவளையே நரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். அவள் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பையில் துணிகளை எடுத்து வைத்தாள்.

"தினமும் போறவங்களப் பார்க்கிறவ நான். ஒருத்தரும் உங்க ஆளு மாதிரி இழுத்தடிச்சதில்ல. அவரக் கரை சேர்த்துட்டுச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாத வீட்டில் குச்சிக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. உப்பில்லாமல் தின்றுகொண்டு கடைசிப் பகுதியை வரைந்து முடித்தார். விளக்குக்காரர் விளக்கை நரியிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பாலத்தைக் கடக்கிறார். சுபம். வாரியத்துக்கு எடுத்துப் போனார்.

வாரியத்தில் ஓடும் படத்தைப் பார்க்கும் வழக்கம் இல்லை. ஓடும் படத்தில் மனம் ஒன்றிவிடும், ஒன்றிய மனம் நடுநிலை தவறும் என்று முன்னொரு தலைவர் கண்டுபிடித்திருந்தார். ஆகவே படங்களைத் தனித்தனியாக அச்செடுத்து, நீள மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். இப்போதைய தலைவர் ஓய்வு வயதைத் தாண்டியும் நாட்டின் நலன் கருதி நீட்டிக்கப்பட்டவர். செயலாளர் அம்மா வாரியத்தின் நலன் கருதி நீட்டிக்கப்பட்டவர். மூன்றாவது உறுப்பினர் எதைக் கருதி நீட்டிக்கப்பட்டார் என்பது யாருக்கும் நினைவில்லை. எழுப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை. கறுப்புச் சாயம் பூசிவந்த தலைவரின் தலை அண்மையில் நீலத்துக்கு மாறியிருந்தது.

தலைவர் மேசையோரமாகவே நடந்து கடைசிப் படங்களுக்கு வந்து நின்றார்.

"இதுல காலு பாலத்து மேல இருக்கு. சரிதானே?"

"ஆமா சார்."

"அடுத்ததுல காலு அக்கரையில இருக்கு."

"ஆமா சார். கடந்துட்டார்."

"எப்பக் கடந்தார்?"

"நடுவுல சார்."

"நடுவுல படம் இல்லையேப்பா."

இசைவு பெறாமல் கடந்ததாகக் கொள்ளலாமா என்று செயலாளர் அம்மா மெதுவாகக் கேட்டார். ஒரே ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தால் நடப்பது தெரியும் என்று குச்சி கெஞ்சினார்.

"ஓட விட்டா யாருதான் நடக்க மாட்டாங்க?" என்றார் தலைவர்.

குச்சி வீட்டுக்குப் போய் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படம் வரைந்துகொண்டு வந்தார். அதில் கால் அந்தரத்தில் இருந்தது. இப்போது இடைவெளி இரண்டாகிவிட்டதே, இவற்றுக்கு நடுவில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். வரைந்தார். மறுபடி கேட்டார்கள். மறுபடி வரைந்தார். கடைசியில் இடைவெளியைவிடப் பென்சில் கோடு தடிமனாக இருந்தது. தொலைபேசியில் மனைவியிடம், கிட்ட வந்துவிட்டார், இதோ இந்த வாரம், என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவளோ, கிட்ட வந்தவங்க கதையெல்லாம் எனக்குச் சொல்லாதீங்க என்று வைத்துவிட்டாள்.

சேதி வெளியே கசிந்தது. வாரியத்தின் வாசலில் 'போகட்டும்' கட்சி ஒன்றும் 'இருக்கட்டும்' கட்சி ஒன்றும் வந்து நின்றன. ஒரே வீட்டில் மாமியார் போகட்டும், மருமகள் இருக்கட்டும். விளக்குக்காரரை நினைத்து இருக்கட்டும் என்று மருமகள் சொன்னதை மாமியார் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாராம். இறந்தோர் இடம்பெயர்தல் பற்றிப் பொது விசாரணை நடத்துவதைத் தவிர வாரியத்துக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

இறந்தோரை நேரில் அறிந்தவர் என்ற முறையில் செவிலியைச் சாட்சிக்கு அழைத்தார்கள். வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்தாள். மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். பாதி ஆளாகியிருந்தார், ஏற்கெனவே பாதி ஆளாக இருந்தவர்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "இறந்த ஒருவர் தாம் வகித்துவந்த பொறுப்பிலிருந்து நீங்கிச் செல்வதைத் தாங்கள் ஆதரிக்கிறீர்களா?"

"ஆதரிக்க என்ன சார் இருக்கு? நேரம் வந்தா கிளம்ப வேண்டியதுதான். அடுத்தவங்களுக்குக் கட்டில் வேணுமே."

மூன்றாவது உறுப்பினர் விழித்துக்கொண்டார்.

"இதை விளக்குக்காரருக்கு மட்டும் சொல்றீங்களா, பொதுவாச் சொல்றீங்களாம்மா?" என்று செயலாளர் அம்மா கேட்டார்.

"பொதுவாத்தான்மா."

நீட்டிக்கப்பட்ட மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரியத்தில் ஒரு முடிவு அத்தனை சீக்கிரம் எடுக்கப்பட்டது அதுவே முதல் தடவை. நேரம் வந்துவிட்டது என்ற அற்பக் காரணத்தை முன்னிட்டு ஒருவர் போய்விடுவது விரும்பத்தகாத முன்னுதாரணமாகும். விளக்குக்காரரின் நெடிய அனுபவத்தை இழக்க நாடு தயாராக இல்லை. ஆகவே மறு உத்தரவு வரும்வரை அவர் இக்கரையிலேயே நீடிப்பார். இடைவெளிகளைத் தொடர்ந்து ஆராய நிபுணர் ஒருவர் தேவைப்படுவதால், படக்காரரே இன்று முதல் வாரியத்தின் நிரந்தர உறுப்பினர்.

உடனே நாற்காலி வந்தது. உயரமான முதுகு, கைவைக்க மெத்தை, காலை உந்தினால் சுற்றும். ஆயுசு முழுக்க முக்காலியில் குந்தியவர் குச்சி. எப்படித்தான் இருக்கிறது என்று சும்மா உட்கார்ந்து பார்த்தார். தேநீர் வந்தது, மூடி போட்டு.

செவிலி கதவருகில் நின்றாள். "அவரு போகலேன்னா கிடக்கட்டும்ங்க. நீங்க வாங்க, வீட்டுக்குப் போவோம். நான் பையை எடுத்துட்டு வந்துட்டேன்."

குச்சி எழுந்திருக்கத்தான் போனார். சத்தியமாக எழுந்திருக்கத்தான் போனார். அதற்குள் தலைவர் அவர் பக்கம் திரும்பி, "உறுப்பினர் அவர்களே, இந்த விவகாரத்தில் தங்கள் மேலான கருத்து?" என்று கேட்டுவிட்டார்.

இத்தனை வருஷத்தில் குச்சியிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. மேலான கருத்து ஒன்று தன்னிடம் இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"அவசரப்பட வேண்டியதில்லை. எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்து பார்க்கலாம்."

புருஷன் அப்படி ஒரு தமிழ் பேசி அவள் கேட்டதில்லை. கிட்டே போய் அவர் முகத்தைப் பார்த்தாள். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு செயலாளர் அம்மாவிடம், மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் உறவுக்காரர்களிடம் சொல்லும் அதே குரலில், "போயிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் மூடியிருந்த கதவைப் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவள் அவர்கள் நடுவில் இறங்கி நடந்தாள். அங்கே பிள்ளை குட்டிகளோடு வந்து நின்றிருந்தவர்கள், வேலைவெட்டியை விட்டு வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்க்க வந்து அப்படியே நின்றுவிட்டவர்கள் என்று நம்மைப் போன்ற எல்லாரும் இருந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் மறைக்காமப் போங்க" என்றார் ஒருவர். "உள்ள இப்ப ஏதோ நடக்கப்போகுது."