எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக்காரி

ஸ்காபரோ
12.03.1988

பேரன்புக்குரிய கமலாம்பிகை அக்காவுக்கு, தங்கை நாகேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் பனியோடு சுகம். லண்டனில் நீங்கள் மழையோடு சுகமாயிருக்க முருகன் துணை நிற்பாராக.

அக்கா, இதை அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். என் வீட்டுக்குள் ஒருத்தி வந்துவிட்டாள். இவர் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் வேலை செய்கிறார் அல்லவா, அங்கே யாரோ எடுக்காமல் விட்ட படமொன்றைத் தூக்கி வந்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். நூறு வருசத்துக்கு முந்தின பிரெஞ்சு ஓவியத்தின் அச்சுப்படமாம். வெள்ளைக்காரி ஒருத்தி, கதிரையில் சாய்ந்து, ஒரு தோள் திறந்தபடி, தலையைக் குனிந்துகொண்டு, மடியில் ஒரு விசிறி. விசிறக்கூட இல்லை அக்கா, சும்மா வைத்திருக்கிறாள். நான் பிஸ்கற் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, சப்பாத்துக் கழட்ட முன்னம் அடுப்பை மூட்டிறன். இவர் சோபாவிலை இருந்து அவளைப் பார்க்கிறார். "என்ன அடக்கம் பாரும்" எண்டு எனக்கே சொல்லுறார்! பன்னிரண்டு வருசத்திலை என்னை ஒருநாள் அப்பிடிப் பார்த்திருப்பாரோ? எனக்குப் பத்தி எரியுது. இவர் விளக்கம் வேறை சொல்லுறார்: அந்தக் காலத்து ஆலை முதலாளிமார் வேலைவெட்டி இல்லாத, வெள்ளையான, குனிஞ்ச தலைப் பொம்பிளையளைத்தான் விரும்பி வாங்கினவையாம், ஓவியர்மாரும் விலைப்படுறதைத்தான் கீறினவையாம். "அப்ப அந்த ஆலையளிலை வேலை செய்த பெட்டையளை ஒருத்தரும் கீறேல்லையோ?" எண்டு கேட்டன். "அதை ஆர் வீட்டிலை மாட்டிறது?" எண்டார்.

போன ஞாயிறு பிக்கரிங்கிலையிருந்து இவரின்ரை மாமி மங்கையற்கரசி வந்தவ. வெக்கக்கேடு வேண்டாமெண்டு என்ரை நீல ரவிக்கைத் துணியை வெட்டி அவளின்ரை தோளுக்கு மேலை ஒட்டிவிட்டிருந்தன். மாமிக்குக் கண்பார்வை மட்டு. "ஆர் பிள்ளை உது? நல்ல நிறம், நல்ல அடக்கம். ஸ்ரூடியோக்காரனும் வடிவாய் எடுத்திருக்கிறான். விட்பியிலை இருக்கிற என்ரை பெறாமகனுக்கு, தங்கச்சியின்ரை பெடியனுக்குப் பேசலாம், சாதகத்தைத் தா" எண்டா. எனக்குக் கலியாணம் பேசேக்கை இதே மாமிதான் "பெட்டை கொஞ்சம் கறுப்பு" எண்டவ! இவர் கண்ணிலை தண்ணி வரச் சிரிக்கிறார் அக்கா. சாதகம் பாரிசிலையாம் எண்டு மாமிக்குச் சொல்லுறார்.

நான் முடிவெடுத்திட்டன். நாளைக்கு அவள் இந்த மாடிக் கட்டிடத்துக் குப்பை அறைக்கு. இவர் மறிச்சால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வாறன்.

அத்தானுக்கு என் வணக்கமும், மருமக்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
மனம் வெந்த தங்கை,
நாகேஸ்வரி

பி.கு.: இந்தக் கடிதம் நாலு நாள் மேசையிலை கிடந்திட்டுது. படத்தைக் குப்பை அறைக்குக் கொண்டுபோக, பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி மறிச்சு, "ஐயோ, எனக்குத் தாங்கோ, எங்கட இவர் கண்டால் சொக்கிப்போவார்" எண்டாள். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "தரேலாது, இவள் எங்கட வீட்டு ஆள்" எண்டு திருப்பிக் கொண்டுவந்து குசினியிலை மாட்டிப்போட்டன். இப்ப இவர் குசினியை விட்டு அசையிறதில்லை. சும்மா நிண்டு பார்க்க விடுவனோ? வெங்காயம் உரிக்கிறார், தேங்காய் துருவுறார். நேற்று நான் சோபாவிலை கால் நீட்டிச் சாஞ்சிருக்க, மாக் கையோடை வாசலிலை வந்து நிண்டு என்னையே பார்த்துக்கொண்டு நிண்டார். "என்னத்தைப் பார்க்கிறியள், போய்ப் புட்டைப் பாருங்கோ" எண்டன்.